பெரிய டாப்சோனியன் தொலைநோக்கிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே "பெரிய" என்று சொல்வது 300 மி.மீ. (12 அங்குலம்) முதல் 600 மி.மீ. வரை விட்டமுள்ள ஆடிகளை. பதில்கள் எல்லாம் கண்ணால் பார்ப்பவர்களுக்கானவை. கேமரா மாட்டுகிறவர்களின் கணக்கு வேறு. எடுத்துக்காட்டு தேவைப்படும் இடங்களில் 400 மி.மீ. விட்டம், எஃப்/4.5 (குவியத் தூரம் விட்டத்தைப் போல 4.5 மடங்கு), அதாவது 1800 மி.மீ. குவியத் தூரம் கொண்ட ஆடியை வைத்துக் கணக்கிட்டிருக்கிறோம்.

டாப்சோனியன் என்பது தனி வகைத் தொலைநோக்கியா?

ஒளியியல் பழையதுதான். நியூட்டன் 1668-இல் செய்த அதே அமைப்பு: அடியில் குழிந்த முதன்மை ஆடி, மேலே 45 டிகிரி சாய்ந்த தட்டையான துணை ஆடி, பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பார்க்கும் லென்ஸான ஐபீஸ். வேறுபடுவது தாங்கி மட்டும். மேலும் கீழும், இடமும் வலமும் கையால் தள்ளித் திருப்பும் மரப்பெட்டி அது. திருகும் கிடையாது, எதிர் எடைத் தண்டும் கிடையாது. சான் ஃபிரான்சிஸ்கோவில் வேதாந்த மடத்துத் துறவியாக இருந்த ஜான் டாப்சன் (1915–2014), கப்பல் சன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடியாக்கி, அட்டைக் குழாயிலும் ஒட்டுப்பலகையிலும் இப்படிச் செய்து தெருவோரம் போவோர் வருவோருக்கு வானத்தைக் காட்டினார். 400 மி.மீ. ஆடியை நில நடுக்கோட்டுத் தாங்கியில் (பூமியின் அச்சுக்கு இணையான அச்சில் சுழலும் தாங்கி) ஏற்றினால் தாங்கியின் எடை தொலைநோக்கியின் எடையைத் தாண்டிவிடும். வண்டியில் ஏற்றி இருட்டான இடத்துக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் இந்த விட்டத்துக்கு டாப்சோனியனைத் தவிர நடைமுறையில் வேறு வழியில்லை.

ஆடி பெரிதானால் நெபுலா பளிச்சென்று தெரியுமா?

தெரியாது. முதல் இரவு ஏமாற்றமாகப் போவதற்குப் பெரும்பாலும் இந்த எதிர்பார்ப்புதான் காரணம். நெபுலா, கேலக்ஸி போன்று பரப்புள்ள எதையும், வெறுங்கண்ணுக்குத் தெரியும் பரப்பொளிர்வைவிடக் கூடுதலாக எந்தத் தொலைநோக்கியாலும் காட்ட முடியாது. ஐபீஸிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் விட்டம், அதாவது எக்ஸிட் பியூபில், உங்கள் கண்மணியின் விட்டத்துக்குச் சமமாகும்போது உச்ச அளவு வந்துவிடும். பெரிதாக்கத்தைக் கூட்டக் கூட்ட அதற்குக் கீழேதான் இறங்கும்.

அப்படியென்றால் விட்டத்தால் என்ன லாபம்? அதே ஒளிர்வில் இருமடங்கு பெரிதாகப் பார்க்கலாம். 200 மி.மீ. ஆடியில் 100 மடங்கில் ஒரு கேலக்ஸி எவ்வளவு மங்கலாக இருக்கிறதோ, 400 மி.மீ. ஆடியில் 200 மடங்கில் அதே மங்கலோடு, நான்கு மடங்கு பரப்பில் தெரியும். இருளுக்குப் பழகிய விழித்திரை, மங்கலான சிறிய புள்ளியைத் தவறவிடும். அதே மங்கலில் பெரிய திட்டாக இருந்தால் கண்டுபிடித்துவிடும், அதற்குள் இருக்கும் கருங்கோடு, முடிச்சு, வளைவு எல்லாவற்றையும் பிரித்துக் காட்டும். நட்சத்திரங்களின் கதை வேறு. அவை புள்ளிகள் என்பதால் நிஜமாகவே பிரகாசம் கூடும்: விட்டம் இருமடங்கானால் ஒளி நான்கு மடங்கு, எல்லைப் பொலிவெண் (தெரியக்கூடிய மிக மங்கலான நட்சத்திரத்தின் அளவு) 1.5 அளவு ஆழமாகும்.

200-க்கும் 400-க்கும் கண்ணில் என்ன வித்தியாசம்?

உருண்டையாகத் திரண்ட நட்சத்திரக் கூட்டங்களான கோளக் கொத்துகளில்தான் முதலில் உறைக்கும். எம் 13-ஐ (எம், என்ஜிசி என்பவை வானப் பொருள் பட்டியல்களின் எண்கள்) 200 மி.மீ.-இல் பார்த்தால் ஓரம் மட்டும் பொடிப்பொடியாகப் பிரியும், நடு பனிமூட்டமாகவே நிற்கும். 400-இல் மையம் வரை தனித்தனி நட்சத்திரங்கள். ஒமேகா சென்டாரி காட்சிப் புலத்தையே நிரப்பிவிடும்.

எம் 51-இன் சுழல் கைகள் 200-இல், நல்ல இருளில், "இருக்கிறது போலிருக்கிறது" என்ற அளவுக்கு வரும். 400-இல் கைகளைப் பின்தொடரலாம், துணைக் கேலக்ஸியான என்ஜிசி 5195-ஐ நோக்கி நீளும் பாலத்தையும் பார்க்கலாம். அந்தச் சுழலை முதன்முதலில் ராஸ் பிரபு 1845-இல் 1.8 மீட்டர் உலோக ஆடியில் கண்டார். இன்றைய அலுமினியப் பூச்சின் பிரதிபலிப்பு அந்த உலோகத்தைவிட வெகுவாக அதிகம். வில்லியம் ஹெர்ஷல் ஆயிரக்கணக்கான பொருள்களைப் பட்டியலிட்ட 18.7 அங்குலக் கருவியைவிட இன்றைய 18 அங்குல டாப்சோனியன் கூடுதல் ஒளியைக் கண்ணுக்குத் தருகிறது.

என்ஜிசி 891-இன் தூசிப் பட்டை, ஸ்டீஃபன் ஐவர் என்னும் ஐந்து கேலக்ஸிக் குழுவின் தனித்தனி உறுப்பினர்கள், கன்னி ராசிக் கேலக்ஸிக் கூட்டத்தில் ஒரே புலத்தில் ஆறேழு கேலக்ஸிகள்: இவையெல்லாம் 400-இல் சாதாரணம். எம் 57 வளைய நெபுலாவின் நடு நட்சத்திரம் 400-இலும் கடினம்தான். காற்று அசையாத இரவும் 400 மடங்குக்கு மேற்பட்ட பெரிதாக்கமும் வேண்டும்.

நிறம் தெரியுமா?

கோள் நெபுலாக்களில் (இறக்கும் நட்சத்திரங்கள் உதறிய வாயுக் கூடுகள்) நீலப்பச்சை, ஓரியன் நெபுலாவின் நடுவில் பச்சைச் சாயல். கேலக்ஸிகள் எல்லாம் சாம்பல் நிறம்தான்.

நகரத்து மொட்டை மாடிக்குப் பெரிய டாப்சோனியன் வாங்கலாமா?

நிலா, கோள்கள், இரட்டை நட்சத்திரங்கள், கோளக் கொத்துகள் என்றால் வாங்கலாம். கேலக்ஸிக்காக என்றால் வேண்டாம். ஆடி பொருளின் ஒளியை மட்டும் திரட்டுவதில்லை, வானத்தின் பின்னணி ஒளியையும் சேர்த்தே திரட்டுகிறது. இரண்டுக்குமான விகிதம் அப்படியே இருக்கும். இருண்ட வானத்தின் கீழ் 250 மி.மீ. ஆடி, நகரத்து 500 மி.மீ.-ஐக் கேலக்ஸி விஷயத்தில் எளிதாகத் தோற்கடிக்கும். எல்.இ.டி. தெருவிளக்குகள் நிறமாலை முழுவதும் பரவிய ஒளியைத் தருவதால், சோடியம் விளக்குக் காலத்து ஒளி மாசு வடிகட்டிகளும் இப்போது அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை.

எஃப் விகிதம் எவ்வளவு இருக்க வேண்டும்?

முதலில் ஐபீஸின் உயரத்தைப் பாருங்கள். தொலைநோக்கி நேர் மேலே பார்க்கும்போது ஐபீஸ் தரையிலிருந்து ஏறத்தாழ குவியத் தூரத்தின் அளவில், அதைவிட 10 செ.மீ. போலக் குறைந்து நிற்கும். 400 மி.மீ. எஃப்/4.5-இல் அது 1.7 மீட்டர், சராசரி உயரமுள்ளவருக்கு ஒரு படி போதும். 500 மி.மீ. எஃப்/5 என்றால் 2.4 மீட்டர். இருட்டில் ஏணி உச்சியில் நின்றுகொண்டு, கையில் ஒரு கிலோ ஐபீஸோடு வடிகட்டி மாற்றுவது யாருக்கும் இனிமையான வேலையல்ல. அதே 500-ஐ எஃப்/3.5-இல் எடுத்தால் காலைத் தரையில் ஊன்றியே பார்க்கலாம்.

இந்தச் சுகத்துக்கு மூன்று இடத்தில் விலை உண்டு. ஒன்று, கோமா: புலத்தின் ஓரத்து நட்சத்திரங்கள் வால் முளைத்துக் குருவி போலாகும். கோமா இல்லாத நடுப்பகுதியின் விட்டம் எஃப் விகிதத்தின் மும்மடிக்கு ஏற்பச் சுருங்குகிறது. எஃப்/5-இல் சுமார் 2.75 மி.மீ., எஃப்/4-இல் 1.4, எஃப்/3.3-இல் 0.8 மட்டுமே. எஃப்/4.5-க்குக் கீழே போனால் கோமா திருத்தியைத் தொலைநோக்கியின் ஒரு பாகமாகவே எண்ண வேண்டும். டெலிவியூ நிறுவனத்தின் பாராகார் வகை 2 குவியத் தூரத்தை 1.15 மடங்கு நீட்டும்; ஐபீஸ் கணக்கில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு, குவியம் கூர்மையாக இருக்கும் இடைவெளி எஃப்/5-இல் 0.05 மி.மீ. என்றால் எஃப்/3.5-இல் அதில் பாதிதான்; 10:1 இரட்டை வேக ஃபோக்கசர் (ஐபீஸை முன்னும் பின்னும் நகர்த்தும் பாகம்) இல்லாமல் ஒப்பேற்ற முடியாது. மூன்று, கொலிமேஷன் (இரண்டு ஆடிகளும் ஐபீஸும் ஒரே ஒளி அச்சில் நேர்பட்டிருப்பது) கொஞ்சம் விலகினாலும் படம் கெடும்.

400 வரைக்கும் எஃப்/4.5 எங்கள் தேர்வு. அதற்கு மேலே எஃப்/4-க்கும் 3.5-க்கும் நடுவில்.

எடையை எப்படிச் சமாளிப்பது?

42 மி.மீ. தடிமனுள்ள 400 மி.மீ. போரோசிலிகேட் (வெப்பத்தில் குறைவாக விரியும் கண்ணாடி) ஆடி மட்டும் 11 கிலோ. 50 மி.மீ. தடிமனுள்ள 500 மி.மீ. ஆடி 20 கிலோ. ஆடிப்பெட்டி, அடிப்பெட்டி, மேல் வளையம் எல்லாம் சேர்ந்தால் 400-க்கு 60 கிலோ ஆகிவிடும். முழுக் குழாய்க்குப் பதிலாக எட்டுக் கம்பிகளால் மேல் வளையத்தைத் தாங்கும் கூண்டு அமைப்பு வந்தது இதற்காகத்தான். தூக்காதீர்கள், உருட்டுங்கள்: அடிப்பெட்டியின் இரு பக்கமும் கைவண்டிப் பிடிகளைத் திருகி, ஒரு முனையில் 25 செ.மீ. காற்றுச் சக்கரங்களை மாட்டினால் ஒருவரே சாய்தளத்தில் வண்டிக்குள் ஏற்றலாம். வாங்குவதற்கு முன் வண்டியின் கதவு அகலத்தை டேப் வைத்து அளந்துவிடுங்கள்; பின்னால் வருந்துகிறவர்களில் பாதிப் பேர் இதை அளக்காதவர்கள்.

கொலிமேஷன் செய்வது எப்படி?

கூண்டு அமைப்பு என்றால் ஒவ்வொரு முறை பூட்டும்போதும் செய்ய வேண்டும். பழகினால் ஐந்து நிமிடம். தேவையானவை: முதன்மை ஆடியின் சரி மையத்தில் ஒட்டிய சிறு வளையக் குறி, ஃபோக்கசரில் மாட்டும் லேசர், 2 மடங்கு பார்லோ (பெரிதாக்கத்தைக் கூட்டும் லென்ஸ்), முதல்முறைக்கு மட்டும் ஃபோக்கசர் வழியே நடுவாகப் பார்க்க உதவும் ஒரு பார்வைக் குழாய்.

லேசரையே முதலில் சந்தேகப்படுங்கள். இரண்டு ஜோடி ஆணி அடித்த பலகைமேல் படுக்கவைத்து, ஐந்தாறு மீட்டர் தள்ளியுள்ள சுவரில் புள்ளியைப் பார்த்தபடி உருட்டுங்கள். புள்ளி நின்ற இடத்தில் நின்றால் சரி. வட்டம் போட்டால் லேசருக்கே கொலிமேஷன் தேவை. அதை வைத்துச் செய்வதெல்லாம் வீண்.

முதல் படி, துணை ஆடியின் இடம். பார்வைக் குழாய் வழியே பார்த்தால் துணை ஆடியின் விளிம்பு வட்டமாகவும், குழாயின் விளிம்போடு ஒருமையமாகவும் தெரிய வேண்டும். நடு போல்ட்டால் ஏற்றி இறக்கி, தண்டைத் திருகிச் சரிசெய்யுங்கள். இது ஒருமுறை அமைந்தால் மாதக் கணக்கில் நிற்கும்.

இரண்டாம் படி, துணை ஆடியின் சாய்வு. லேசரை ஃபோக்கசரில் மாட்டி, புள்ளி முதன்மை ஆடியின் வளையக் குறிக்கு நடுவில் விழும்வரை மூன்று சிறு திருகுகளைத் திருப்புங்கள். ஒன்றைத் தளர்த்திய பிறகே இன்னொன்றை இறுக்க வேண்டும். அலன் சாவியை மணிக்கட்டில் நூலால் கட்டிக்கொள்ளுங்கள். தொலைநோக்கி செங்குத்தாக நிற்கும்போது அது கைநழுவினால் நேரே போய் விழுமிடம் முதன்மை ஆடி.

மூன்றாம் படி, முதன்மை ஆடியின் சாய்வு. லேசருக்கு முன்னால் பார்லோவைச் செருகுங்கள். விரிந்து போகும் ஒளி ஆடியில் பட்டுத் திரும்பும்போது வளையக் குறியின் நிழல் லேசரின் முகப்பில் விழும். அந்த நிழலை நடுவுக்குக் கொண்டுவர ஆடியின் பின்னால் உள்ள போல்ட்களைத் திருப்புங்கள். பார்லோ இல்லாமல் திரும்பி வரும் புள்ளியையே நம்புகிறவர்கள் உண்டு. லேசர் ஃபோக்கசருக்குள் சற்றே சாய்ந்து உட்கார்ந்தாலும் அந்தப் புள்ளி பொய் சொல்லும். பார்லோ நிழலை அது பெரும்பாலும் பாதிக்காது.

கடைசியாக, தொலைநோக்கியை 30 டிகிரிக்கு இறக்கியும் 80 டிகிரிக்கு ஏற்றியும் நிழல் நகர்கிறதா பாருங்கள். நகர்ந்தால் கம்பி முனைகளோ, ஆடி தன் இருக்கையிலோ ஆடுகிறது. கண்காணிப்பு பெரும்பாலும் நடக்கும் 50–60 டிகிரியில் சரிசெய்வது தற்காலிக வழி. ஆட்டத்தைக் கண்டுபிடித்து இறுக்குவதே தீர்வு.

கொலிமேஷன் சரியாக இருந்தும் நட்சத்திரம் சிலுவையாகத் தெரிகிறது. ஏன்?

துணை ஆடியைத் தாங்கும் தகடுகளால் வரும் நான்கு மெல்லிய கதிர்கள் எப்போதும் இருக்கும். அவற்றைச் சொல்லவில்லை என்றால், இது அஸ்டிக்மாட்டிசம், அதாவது ஒளி இரு திசைகளில் வெவ்வேறு இடத்தில் குவியும் குறை. 200 மடங்கில் ஒரு நட்சத்திரத்தைக் குவியத்துக்குச் சற்று உள்ளே கொண்டுபோங்கள், பிறகு சற்று வெளியே. வட்டம் ஒரு பக்கம் நீள்வட்டமாகி, மறுபக்கம் 90 டிகிரி திரும்பி நீண்டால் உறுதி.

குற்றவாளி யார் என்று கண்டுபிடிப்பதற்கு ஒழுங்கான வரிசை இருக்கிறது. முதலில் தலையைச் சாயுங்கள். நீட்சி தலையோடு சேர்ந்து சாய்ந்தால் குறை கண்ணில். கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். எக்ஸிட் பியூபில் பெரிதாக இருக்கும்போது கண்ணின் குறை அதிகம் தெரியும், 1 மி.மீ. அருகே வந்தால் மறைந்துவிடும். அது இல்லையென்றால் ஐபீஸை ஃபோக்கசரில் சுழற்றிப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் முதன்மை ஆடியை அதன் இருக்கையில் 90 டிகிரி திருப்பி வையுங்கள். நீட்சியும் திரும்பினால் ஆடியின் மேற்பரப்பே சரியில்லை. திரும்பாமல் பழைய திசையிலேயே நின்றால் இருக்கையோ துணை ஆடியோ காரணம்.

பெரும்பாலும் இருக்கைதான். ஆடி பெரிதாகவும் மெல்லியதாகவும் ஆக ஆகத் தன் எடையிலேயே வளையும். அதனால் பின்புறம் 9, 18 அல்லது 27 புள்ளிகளில் தாங்கல் தேவை, 400 மி.மீ.-க்கு 18 புள்ளி வழக்கம். ஆனால் அனுபவத்தில் தொல்லை தருவது பின்தாங்கலைவிட விளிம்புத் தாங்கல்தான். தொலைநோக்கி சாய்ந்தபடி நிற்கும்போது ஆடியின் எடையில் பெரும்பங்கு கீழ் விளிம்பில் இறங்குகிறது. அந்தத் தாங்கல் ஆடியின் ஈர்ப்பு மையத் தளத்தில் இல்லாவிட்டால் கண்ணாடி முறுக்கிக்கொள்ளும். ஈர்ப்பு மையம் தடிமனின் நடுவில் இருக்காது. முன்பக்கம் குழிவாகத் தேய்க்கப்பட்டிருப்பதால் பின்பக்கம் தள்ளியிருக்கும்: 42 மி.மீ. விளிம்புத் தடிமனுள்ள நம் எடுத்துக்காட்டு ஆடியில் பின்புறத்திலிருந்து 21 மி.மீ. அல்ல, 19.6 மி.மீ. ஆடியின் கீழ் விளிம்பைத் தாங்கக் கம்பித் தூளி போட்டவர்கள் கம்பி இந்த உயரத்தில் ஓடுகிறதா என்று அளந்து பார்க்க வேண்டும். வண்டிப் பயணத்தில் அது வழுக்கி இறங்குவது சகஜம்.

மற்ற காரணங்கள்: ஆடி முன்னால் விழாமல் பிடிக்கும் கொக்கிகள் கண்ணாடியை அழுத்துவது (ஒரு தபால் அட்டை நுழையும் இடைவெளி இருக்க வேண்டும்), சிலிக்கான் பசைத் திட்டுகள் மிகப் பெரிதாக இருந்து குளிரில் இழுப்பது, துணை ஆடியைத் தாங்கியில் முழுப் பரப்பிலும் ஒட்டிவிடுவது.

ஆடி ஆற எவ்வளவு நேரம் வேண்டும்?

நேரத்தைத் தீர்மானிப்பது தடிமன், அதுவும் இருமடியாக. 25 மி.மீ. ஆடி அரை மணியில் ஆறினால் அதே சூழலில் 50 மி.மீ. ஆடிக்கு இரண்டு மணி நேரம். காற்றைவிட ஆடி 2 டிகிரி சூடாக இருந்தாலே போதும், அதன் முகத்தில் படியும் வெதுவெதுப்பான காற்றுப் படலம் கோள்களின் நுண்விவரத்தை அழித்துவிடும். "இன்றைக்குக் காற்று மோசம்" என்று வானத்தின்மேல் போடப்படும் பழியில் பாதி ஆடியைச் சேர வேண்டியது. கண்டுபிடிக்க வழி: பிரகாசமான நட்சத்திரத்தைக் குவியம் விலக்கிப் பெரிய வட்டாக்குங்கள். வட்டின் குறுக்கே வேகமாக ஓடும் கோடுகள் வானத்தினுடையவை. மெதுவாகச் சுருண்டு சுருண்டு நெளிந்தால் அது ஆடியின் வெப்பம்.

12 வோல்ட், 80 முதல் 120 மி.மீ. கணினி விசிறி ஒன்றை ஆடியின் பின்னால் ரப்பர் வளையத்தில் தொங்கவிடுங்கள். பெட்டியில் நேராகத் திருகினால் அதிர்வு படத்தில் தெரியும். சூரியன் மறையும் நேரத்திலேயே முழு வேகத்தில் ஓடட்டும். பார்க்கும்போது நிறுத்தாமல் வேகத்தை மட்டும் குறையுங்கள். இரவு முழுக்கக் காற்று குளிர்ந்துகொண்டே போனால் தடித்த ஆடி அதை எட்டிப் பிடிக்கவே போவதில்லை. அகச்சிவப்பு வெப்பமானியால் அளக்கிறவர்கள் ஆடியின் பின்புறக் கண்ணாடியை அளக்க வேண்டும். அலுமினியப் பூச்சைக் குறிவைத்தால் அது எதிரொளிக்கும் வானத்தின் வெப்பம்தான் வரும்.

திருப்பும்போது ஒட்டி ஒட்டி, வெட்டி வெட்டி நகர்கிறது. என்ன செய்வது?

தொலைநோக்கி சறுக்கித் திரும்பும் டெஃப்ளான் (வழுக்கும் பிளாஸ்டிக்) துண்டுகளின் பரப்பைக் கணக்குப் பாருங்கள். ஒரு சதுர செ.மீ.-க்கு ஒரு கிலோ அழுத்தம் என்பது நல்ல இலக்கு. இடவலமாகச் சுழலும் மொத்த எடை 60 கிலோ என்றால் 60 சதுர செ.மீ., அதாவது மூன்று துண்டுகளுக்கு ஒவ்வொன்றும் 4.5 செ.மீ. சதுரம். மேல்கீழ் அசைவுக்கு இரு பக்கமும் 70 டிகிரி இடைவெளியில் இரண்டிரண்டு துண்டு. 45 கிலோ ஏறினால் சாய்வின் காரணமாக அழுத்தம் 55 கிலோவாகக் கூடும், எனவே நான்கு துண்டும் தலா 14 சதுர செ.மீ. துண்டு பெரிதாக இருந்தால் இறுக்கம், சிறிதாக இருந்தால் வழுக்கல். டெஃப்ளான் இப்படி நடந்துகொள்வதால் உளியால் ஓரத்தைச் செதுக்கியே இறுக்கத்தைக் குறைக்கலாம்.

டெஃப்ளான் உரசும் எதிர்ப்பரப்பு பொரிபொரியான லாமினேட்டாக (பலகைமேல் ஒட்டும் கடினத் தகடு) இருக்க வேண்டும். வழவழப்பான லாமினேட்தான் ஒட்டிப் பிடித்து வெட்டும். எண்ணெய், கிரீஸ் வேண்டாம்; தூசியைச் சேர்த்துச் சாந்தாக்கிவிடும். ஆண்டுக்கொருமுறை கார் மெழுகை மெல்லத் தேய்த்துத் துடைத்தால் போதும். அடிப்பலகையில் டெஃப்ளான் துண்டுகள் மூன்றும் மூன்று கால்களுக்கு நேர் மேலே இருக்கின்றனவா என்றும் பாருங்கள்; நடுவில் இருந்தால் பலகை வளைந்து ஆடும்.

நேர் உச்சிக்கு அருகே இடவலமாகத் திருப்புவது எந்த டாப்சோனியனிலும் கடினம்தான். பொருள் உச்சியைத் தாண்டும்வரை ஒரு மணி நேரம் பொறுத்திருந்து பாருங்கள்.

எத்தனை ஐபீஸ் வேண்டும்?

மூன்று நல்லவை போதும். எக்ஸிட் பியூபிலை அறிய ஐபீஸின் குவியத் தூரத்தை எஃப் விகிதத்தால் வகுங்கள். எஃப்/4.5, 1800 மி.மீ.-க்கு, தேர்ந்தெடுக்க நான்கு: 31 மி.மீ. ஐபீஸ் 58 மடங்கு, 6.9 மி.மீ. பியூபில்; 13 மி.மீ. 138 மடங்கு, 2.9; 9 மி.மீ. 200 மடங்கு, 2.0; 6 மி.மீ. 300 மடங்கு, 1.3. வயது கூடக் கூடக் கண்மணி 5–6 மி.மீ.-க்கு மேல் விரியாது. அப்படியானால் 31 தரும் ஒளியில் ஒரு பங்கு உள்ளே நுழையாமலே போகும், 21–24 மி.மீ. வாங்குவது புத்திசாலித்தனம்.

கேலக்ஸிகளுக்கு 2 மி.மீ. பியூபில்தான் உழைப்பாளி. புதியவர்கள் பெரும்பாலும் குறைந்த பெரிதாக்கத்திலேயே தங்கிவிடுகிறார்கள். ஒரு கேலக்ஸியில் ஒன்றும் தெரியவில்லை என்றால் 200-க்கு ஏற்றிப் பாருங்கள். பின்னணி இருளும், உருவம் பெரிதாகும்.

கனமான ஐபீஸ் மாட்டினால் முன்பக்கம் தலைகுனியும். ஆடிப்பெட்டியின் பின்னால் ஒரு இரும்புத் தகட்டைப் பதித்து, அதில் காந்த எடைகளை ஒட்டியும் எடுத்தும் சமன்செய்யுங்கள். டெஃப்ளானை இறுக்கிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

எந்த வடிகட்டி உண்மையில் உதவும்?

ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் யு.எச்.சி. (நெபுலாக்கள் ஒளிரும் குறுகிய நிறப்பட்டையை மட்டும் விடுவது). இரண்டாவது ஓ-3, ஆக்சிஜனின் 495.9, 500.7 நானோமீட்டர் கோடுகளை மட்டும் விடும். வெய்ல் (முகத்திரை) நெபுலா, கோள் நெபுலாக்கள் இதில் திடீரென்று வானத்திலிருந்து பிரிந்து எழும். ஹைட்ரஜனின் 486.1 கோட்டை விடும் எச்-பீட்டா, குதிரைத்தலை நெபுலா போன்ற ஒரு சிலவற்றுக்கு மட்டும். பியூபில் 4–6 மி.மீ. இருக்கும்போது வடிகட்டியைப் பயன்படுத்துங்கள். கேலக்ஸிக்கும் கொத்துக்கும் எந்த வடிகட்டியும் உதவாது. அவை எல்லா நிறத்திலும் ஒளிர்பவை.

பொருள்களைத் தேடுவது, பின்தொடர்வது எப்படி?

டெல்ராட் போன்ற வளையக் குறிகாட்டியும் (வளையங்கள் 0.5, 2, 4 டிகிரி) நேர் உருவம் காட்டும் 50 மி.மீ. துணைத் தொலைநோக்கியும் அட்டவணையும் இருந்தால் ஆயிரம் பொருள்களைத் தேடலாம். மங்கலான கேலக்ஸிக் கூட்டங்களுக்கு இரு அச்சிலும் என்கோடர் (திருப்பிய கோணத்தை அளக்கும் உணரி) பொருத்தித் திசை காட்டும் கருவி இருந்தால் நேரம் மிச்சம்.

பூமி சுழல்வதால் 200 மடங்கில், 82 டிகிரி காட்சிப் புலமுள்ள ஐபீஸில், வான நடுக்கோட்டருகே உள்ள பொருள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 98 வினாடியில் ஓடிவிடும். ஒருவர் தள்ளித் தள்ளிப் பார்க்க இது போதும். நாலைந்து பேருக்கு வரிசையாகக் காட்ட வேண்டுமென்றால் அடியில் ஒரு போன்சே மேடை வையுங்கள். ஒருமுறை தொடங்கினால் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வானத்தோடு சேர்ந்து சாயும்.

பனி படிந்தால்?

முதலில் மங்குவது துணை ஆடி. அதன் பின்புறம் 680 ஓம், கால் வாட் ரெசிஸ்டர்கள் எட்டை இணையாக இணைத்து 12 வோல்ட் கொடுங்கள், மொத்தம் 1.7 வாட். கூண்டைச் சுற்றிக் கருப்புத் துணி உறை போட்டால் பனியும் குறையும், பக்கவாட்டு ஒளியும் நிற்கும், உங்கள் உடல் வெப்பமும் ஒளிப்பாதையில் குறுக்கிடாது.

ஆடியை எப்போது கழுவ வேண்டும்?

நினைப்பதைவிட அரிதாக. டார்ச் அடித்துப் பார்த்தால் எந்த ஆடியும் பயமுறுத்தும், டார்ச் அடிக்காதீர்கள். மகரந்தம், பறவை எச்சம், உப்புக் காற்று பட்டிருந்தால் மட்டும் உடனே கழுவுங்கள்.

மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். ஆடி அறை வெப்பத்துக்கு வந்தபின் ஓடும் தண்ணீரில் சில நிமிடம் காட்டித் தளர்ந்த தூசியைப் போக்குங்கள். பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டுக் கலந்த தண்ணீரில் அரை மணி ஊறட்டும். மருத்துவப் பஞ்சை நீருக்கடியிலேயே, அதன் சொந்த எடை தவிர வேறு அழுத்தமில்லாமல், நடுவிலிருந்து விளிம்புக்கு ஒருமுறை இழுத்துவிட்டுத் தூக்கி எறியுங்கள். அடுத்த இழுப்புக்குப் புதுப் பஞ்சு. கடைசியாகக் காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றிச் செங்குத்தாக நிறுத்துங்கள். நிற்கும் ஓரிரு துளிகளைக் காகித நுனியால் தொட்டு உறிஞ்சலாம். தேய்க்கக் கூடாது.

பகலில் வெளியே வைக்கலாமா?

ஆடியை மூடாமல் ஒருபோதும் வைக்காதீர்கள். 400 மி.மீ. ஆடி திரட்டும் வெயில் நூறு வாட்டுக்கு மேல், அதுவும் 17 மி.மீ. அகலப் புள்ளியில். கூண்டுத் தொலைநோக்கியில் அந்தப் புள்ளி உறையிலோ மேல் வளையத்திலோ விழுந்தால் நிமிடங்களில் தீப்பிடிக்கும். கண்ணுக்கு என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. விடியும்வரை பார்த்துவிட்டுத் தூங்கப் போகிறவர்கள் முதலில் ஆடிப்பெட்டியின் மூடியைப் போடுங்கள், பிறகு மற்றதெல்லாம்.

பழைய தொலைநோக்கி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

மரத்தையும் சாயத்தையும் பிறகு பார்க்கலாம், மாற்றக்கூடியவை. பூச்சில் ஊசித்துளைகள் இருந்தாலும் கவலையில்லை, மறுபூச்சு போடலாம். ஆடியின் விளிம்பில் பெரிய சில்லு பெயர்ந்திருக்கிறதா, தடிமன் எவ்வளவு, கண்ணாடி போரோசிலிகேட்டா சாதாரணத் தகட்டுக் கண்ணாடியா என்று கேளுங்கள். தகட்டுக் கண்ணாடி கிட்டத்தட்ட மூன்று மடங்கு விரிவதால் ஆறும்வரை உருவம் நிலைப்படாது. ஆறிய ஆடியோடு ஓர் இரவு நட்சத்திரச் சோதனை செய்யாமல் பணத்தைக் கைமாற்றாதீர்கள். குவியத்துக்கு உள்ளேயும் வெளியேயும் வளையங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு பக்கம் வளையத்தின் விளிம்பு கூர்மையாகவும் மறுபக்கம் மயிர் விட்டது போல மங்கலாகவும் இருந்தால் ஆடியின் ஓரம் கீழ்நோக்கி வளைந்திருக்கிறது. அதைக் கருப்புத் தாள் வளையத்தால் 5 மி.மீ. மறைத்து மீண்டும் பாருங்கள்: படம் திருந்தினால் விலையைக் குறைத்துக் கேட்டு வாங்கலாம், திருந்தாவிட்டால் ஆடியை மறுபடி தேய்க்கும் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.